பனியன் கம்பெனியில் வேலை நேரத்தில் உடற்பயிற்சி: மன அழுத்தம் உண்மையிலேயே குறையுமா?

தையல் தளப் பொறுப்பாளர், திருப்பூர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஏற்றுமதிக்குப் பின்னலாடை தைக்கும் ஒரு பனியன் கம்பெனியில் தையல் தளத்தின் பொறுப்பாளராகப் பதினொரு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எனப் பல வகைத் தையல் மிஷின்களில் தைக்கும் டெய்லர்கள், கைமடிப் பெண்கள், பிசிறு வெட்டுபவர்கள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என எல்லாப் பிரிவினரையும் சேர்த்து எங்கள் தளத்தில் ஏறத்தாழ 160 பேர் இருக்கிறார்கள். அவர்களில் பெண்களே அதிகம். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து விடுதியில் தங்கி வேலை செய்பவர்கள் நாற்பது பேர் அளவில் உண்டு. காலை எட்டரை மணிக்குத் தொடங்கும் ஒரு ஷிப்ட் மாலை ஐந்தரைக்கு முடியும். ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் ஒன்றரை ஷிப்ட், அதாவது இரவு எட்டரை வரை, ஓடும்.

இந்தக் கேள்வியை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி சென்ற மாதம் நடந்தது. ஓவர்லாக் மிஷின் ஒன்றில் ஊசி உடைந்தது. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி தர வேண்டும் என்பது ஏற்றுமதிக் கம்பெனிகளில் உள்ள விதி. குழந்தைகளின் ஆடையில் ஒரு துண்டு போய்விட்டால் என்ன ஆகும் என்பதால் அந்த விதியை நான் தளர்த்துவதில்லை. அன்று நுனித் துண்டு மட்டும் கிடைக்கவில்லை. காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் தேடினோம். பண்டலைப் பிரித்து ஒவ்வொரு பீஸாக உதறினோம். இருபத்தைந்து நிமிடம் அந்த லைன், அதாவது அந்த மிஷின் வரிசை முழுவதும், நின்றது. துண்டு கிடைத்து, புது ஊசியும் மாட்டிய பிறகு, அந்த டெய்லர் நூல் கோக்க உட்கார்ந்தார். கை நடுங்கியதில் நான்கு முறை முயன்றும் நூல் ஏறவில்லை. தளத்திலேயே மிகவும் அமைதியானவர் அவர். மிஷின் மீது தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதுவிட்டார். ஊசி உடைந்ததற்காக யாரும் அவரைத் திட்டவில்லை. ஆனால் அந்த நேரத்தில் தைக்காமல் விட்டுப்போன பீஸ் எண்ணிக்கையை எப்போது பிடிப்பது என்று சூப்பர்வைசர் அவர் காதருகே மூன்று முறை கேட்டிருந்தார்.

அதன் பிறகு முதலுதவிப் பெட்டியின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். தலைவலிக்கும் உடல்வலிக்கும் தரும் மாத்திரைதான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாகத் தீர்ந்துபோகிறது. முதலாளியிடம் பேசினேன். தினமும் பத்து நிமிடம் தளத்திலேயே உடற்பயிற்சி வைத்துக்கொள்ள அவர் இசைந்திருக்கிறார்.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது இவைதான். இத்தகைய பயிற்சி வேலையின் மன அழுத்தத்தை உண்மையிலேயே குறைக்குமா, அல்லது உடல்வலியை மட்டும்தான் குறைக்குமா? நாள் முழுவதும் நின்றும் குனிந்தும் உழைப்பவர்களுக்குத் தனியாக உடற்பயிற்சி தேவையா? எந்த நேரத்தில் வைப்பது நல்லது? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.

இயன்முறை மருத்துவர், கோயம்புத்தூர்

வணக்கம் ஐயா. உடல்வலி, மன அழுத்தம் என்று நீங்கள் இரண்டாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவரின் தோளில் அவை இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

மனம் நெருக்கடியை உணரும்போது அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. இதயத் துடிப்பு கூடுகிறது, மூச்சு மேலோட்டமாகிறது, ஓடுவதற்கு ஆயத்தமாவது போலத் தசைகள் இறுகுகின்றன. ஆனால் டெய்லர் எங்கே ஓடுவார்? எண்ணிக்கை முடியும்வரை இருக்கையை விட்டு எழவும் முடியாத நிலையில், அந்த இறுக்கம் கழுத்தின் பின்புறத்திலிருந்து தோள்பட்டை வரை விரிந்திருக்கும் டிரபீசியஸ் தசையில் தங்கிவிடுகிறது. அந்தத் தசை ஏற்கெனவே களைத்திருப்பது. இரு கைகளையும் முன்னே நீட்டித் துணியை நகர்த்திக்கொண்டு, தலையை ஊசியை நோக்கிக் குனித்திருக்கும் ஒருவர் எந்தச் சுமையையும் தூக்காவிட்டாலும், அந்தத் தசையின் ஒரு பகுதி மணிக்கணக்கில் இளைப்பாறாமல் சுருங்கியே இருக்கிறது. சுருங்கி விரியும் தசைக்குள் இரத்தம் தாராளமாகப் பாயும். சுருங்கியபடியே இருக்கும் தசைக்குள் அது தடைப்படும். வலி இப்படித்தான் ஊறுகிறது. வலியோடு வீட்டுக்குப் போகிறவருக்கு உறக்கம் கெடுகிறது. உறக்கம் கெட்டவருக்கு மறுநாள் சூப்பர்வைசரின் சாதாரணச் சொல்லும் சுடுகிறது. இந்தச் சங்கிலியில் உடற்பயிற்சி தொடக்கூடிய கண்ணி தசைதான். அந்த ஒரு கண்ணி தளர்ந்தாலே நல்ல பலன் கிடைக்கும் என்பதை என்னிடம் வரும் டெய்லர்களிடம் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

பத்து நிமிடம் போதுமா என்ற ஐயம் உங்களுக்கு வரலாம். டென்மார்க்கில் கழுத்து வலியும் தோள் வலியும் அடிக்கடி இருந்த 198 அலுவலக ஊழியர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சியை நாளுக்கு இரண்டு நிமிடம் செய்தவர்களுக்கும் பன்னிரண்டு நிமிடம் செய்தவர்களுக்கும் பத்து வாரங்களில் வலி குறைந்தது. அதே நாட்டில் மூன்று மருத்துவமனைகளைச் சேர்ந்த 200 பெண் பணியாளர்களிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான இன்னோர் ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு குழுவினர் வாரம் ஐந்து முறை, பத்துப் பத்து நிமிடம், பணியிடத்தில் வேலை நேரத்திலேயே சக பணியாளர்களோடு பயிற்சி செய்தார்கள். மற்றக் குழுவினர் அதே அளவு பயிற்சியை வீட்டில் தம் சொந்த நேரத்தில் செய்யும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். பத்து வாரங்களுக்குப் பிறகு பணியிடத்தில் செய்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்திருந்தது; அவர்கள் வலி மாத்திரை எடுத்துக்கொள்வதும் குறைந்திருந்தது. வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளுங்கள் என்று அறிவுரை சொல்லி அனுப்புவதில் பயனில்லை என்று நான் உறுதியாக நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயிற்சிகளைப் பொறுத்தவரை எளிமையாகத் தொடங்குங்கள். எழுந்து நின்று, இரு தோள்களையும் காதுவரை உயர்த்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, சட்டென்று விட வேண்டும். இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வேறுபாட்டை உடலுக்குக் காட்டிக்கொடுப்பது இதுதான். பிறகு கைகளைப் பின்னால் கோத்து நெஞ்சை விரிப்பது, மணிக்கட்டை மேலும் கீழும் மடக்கி நீட்டுவது, குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவது, இருக்கையிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது. இழுக்கும் பயிற்சிக்கு ரப்பர் பட்டை கடையில் கிடைக்கும். தொடக்கத்துக்கு உங்கள் ஸ்டோர்ஸில் இருக்கும் அகலமான இடுப்பு எலாஸ்டிக்கை இரண்டாக மடித்துப் பிடித்தாலே போதும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் இழுக்கக் கூடாது. கருவுற்றிருப்பவர்களும், தோளிலிருந்து விரல்வரை மரத்துப்போகிறவர்களும் மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சேரட்டும்.

ஓவர்லாக் டெய்லர், அவிநாசி

அண்ணா, தொழிலாளி அழுததைப் பார்த்துவிட்டு அன்று இரவு உறங்காமல் யோசித்த பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்கு ஆறுதலாக இருக்கிறது. பதினான்கு ஆண்டுகளாக ஓவர்லாக் தைக்கிறேன். நீங்கள் தொடங்க நினைப்பதை நான் இரண்டு விதமாக அனுபவித்திருக்கிறேன். முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் முன்பு வேலை செய்த ஒரு கம்பெனியில் காலை எட்டு இருபதுக்கு உடற்பயிற்சி என்று அறிவித்தார்கள். ஷிப்ட் எட்டரைக்குத்தான், அந்தப் பத்து நிமிடம் எங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. நான் விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, மூன்று பேருக்குச் சோறு கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்திவிட்டு ஊரிலிருந்து பஸ் ஏறுகிறவள். எங்கள் பஸ் கம்பெனி வாசலுக்கு வருவது எட்டு இருபத்தைந்துக்கு. பயிற்சிக்கு வராதவர்களின் பெயரைக் கேட்டில் எழுதினார்கள். முன்பு பஸ்ஸில் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாவது வருவேன்; அதன் பிறகு ஒவ்வொரு சிக்னலிலும் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. பையர், அதாவது எங்கள் ஆடைகளை வாங்கும் கம்பெனி, தரப்பிலிருந்து ஆடிட்டுக்கு ஆட்கள் வந்த அன்று எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டீ-சர்ட் கொடுத்துப் படம் எடுத்தார்கள். ஆடிட் முடிந்து இரண்டு மாதத்தில் பயிற்சியும் நின்றுபோனது. மன அழுத்தத்தைக் குறைப்பதற்கென்று வந்த ஒன்றே எங்களுக்கு மன அழுத்தமாக மாறியதைக் கண்டவள் என்பதால், நேரம் யாருடையது என்ற கேள்வியைத்தான் முதலில் தீர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எட்டு மணி நேரத்தில் பத்து நிமிடம் என்பது நூற்றுக்கு இரண்டு பங்கு. ஒரு ஷிப்டுக்கு 500 ரூபாய் வாங்குகிறவருக்குப் பத்து ரூபாய்க்குச் சற்று மேல். பீஸ் ரேட்டில், அதாவது தைக்கும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வாங்கித், தைப்பவர்கள் அந்தப் பத்து ரூபாயைத் தம் கையிலிருந்து கொடுத்துப் பயிற்சி செய்ய மாட்டார்கள். செய்தாலும் அவர்களுடைய கண் மிஷின் மேலேயேதான் இருக்கும்.

டார்கெட்டைக் குறைக்காமல் பத்து நிமிடம் கொடுத்தாலும் இதே கதைதான். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ் என்று எழுதிய சீட்டு மிஷினுக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும்போது, கையை உயர்த்திக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நொடியும் பின்னால் பண்டல் சேர்வதுதான் மனத்தில் ஓடும். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். கழிவறைக்கு எழுந்தால் எண்ணிக்கை விழும் என்பதால் தண்ணீரே குடிக்காமல் தைக்கிற பெண்கள் ஒவ்வொரு தளத்திலும் இருக்கிறார்கள். நானும் அப்படி இருந்து, சிறுநீர்த் தொற்று வந்து மருந்து எடுத்திருக்கிறேன். டோக்கன் வாங்கிக்கொண்டுதான் கழிவறைக்குப் போக வேண்டும் என்ற வழக்கம் உங்கள் தளத்தில் இருந்தால், பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பு அதை எடுத்துவிடுங்கள், அண்ணா.

இப்போது நல்லதைச் சொல்கிறேன். நான் தற்போது இருக்கும் கம்பெனி சிறியது. இங்கே யாரும் திட்டம் போடவில்லை. சென்ற ஆண்டு மாலை டீ நேரத்தில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் மொட்டை மாடிக்குப் போய் நிற்கத் தொடங்கினோம். எங்களுள் ஒரு அக்கா அரசு மருத்துவமனையில் கற்றுக்கொண்ட தோள் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். விடுதியில் தங்கியிருக்கும் ஒடிசாப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். தமிழில் எண்ணினால் அவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் எக, துயி, தினி என்று எண்ண, இப்போது எங்கள் எல்லோருக்கும் ஒடியாவில் பத்துவரை எண்ணத் தெரியும். லைனில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் ஓராண்டாக உட்கார்ந்திருந்தும் பெயர் தெரியாத பெண்ணிடம் அந்த மாடியில்தான் முதன்முதலாகப் பேசினேன். என் வலி பாதியாகக் குறைந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஏழு நிமிடத்துக்குப் பிறகு கீழே இறங்கி வரும்போது, விட்டுப்போன எண்ணிக்கையைப் பற்றிச் சூப்பர்வைசர் கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்ல முடிகிறது. முன்பு தொண்டை அடைத்துக்கொள்ளும்.

தொழில்நல மருத்துவர் (ஓய்வு), சென்னை

அவிநாசிச் சகோதரி எழுதியதை வாசித்த பிறகு நான் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதியை அவரே சொல்லிவிட்டதாக உணர்கிறேன். அவருடைய அனுபவத்துக்கு ஆராய்ச்சியில் இருக்கும் ஆதரவை மட்டும் சேர்க்கிறேன்.

நாள் முழுவதும் உழைப்பவருக்கு உடற்பயிற்சி எதற்கு என்ற கேள்விக்கு நெடிய வரலாறு உண்டு. லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களையும், படிகளில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களையும் ஒப்பிட்டு, ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வுதான் இதற்கெல்லாம் தொடக்கம். நடத்துநர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாகவே வந்தது. ஆனால் மாரிஸ் அதோடு அமைதியடையவில்லை. ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். இளம் வயதிலேயே ஓட்டுநர்களின் காற்சட்டை இடுப்பு பெரிதாக இருந்தது; ஆகவே எல்லாப் பெருமையையும் படிகளுக்கே கொடுத்துவிட முடியாது என்பது 1956இல் வெளியான அடுத்த கட்டுரையில் தெரிந்தது. தையல்காரரின் அளவு நோட்டு மருத்துவ ஆராய்ச்சிக்கு உதவிய கதையை திருப்பூர்க்காரர்களிடம் சொல்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

பிற்காலத்தில், குறிப்பாக டென்மார்க்கில், இன்னொரு செய்தி தெளிவாகியது. ஓய்வு நேரத்தில் ஓடுவதும் நடப்பதும் இதயத்துக்கு நன்மை செய்ய, வேலையின் பகுதியாகச் செய்யும் கடும் உடலுழைப்பு அதே நன்மையைத் தருவதில்லை. பல ஆய்வுகளில் அது தீங்காகவே தென்பட்டிருக்கிறது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பயிற்சி என்பது குறுகிய நேரம், பல தசைகளை மாற்றி மாற்றி இயக்கி, வேண்டும்போது நிறுத்தி இளைப்பாறுவது. அயர்னிங் மேசையருகே பத்து மணி நேரம் நிற்பது அப்படியல்ல; அங்கே இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் நாள் முழுவதும் சற்று உயர்ந்தே இருக்கும், உடலை மீட்டுக்கொள்ளும் இடைவெளி கிடையாது. எனவே நின்று உழைப்பவர்களுக்கும் பயிற்சி தேவை. ஆனால் அவர்களுடைய பயிற்சியில் ஓய்வு பெரும்பங்கு வகிக்க வேண்டும்.

மன அழுத்தத்துக்கு வருகிறேன். ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979இல் முன்வைத்த கருத்து இன்றும் தொழில்நலத் துறையின் அடிப்படைகளில் ஒன்றாக இருக்கிறது. வேலைப் பளு மிகுதியாக இருப்பது மட்டுமே ஒருவரை நோயாளியாக்குவதில்லை. பளு மிகுந்து, அந்த வேலையை எப்படி, எந்த வேகத்தில் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் இல்லாமல் போகும்போதுதான் ஆபத்தான இறுக்கம் உருவாகிறது. லைனில் உட்கார்ந்திருக்கும் டெய்லரின் நிலை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு: வேகத்தை முன்னால் இருப்பவரும், எண்ணிக்கையை அலுவலகமும் முடிவு செய்கின்றன, எழுந்து நிற்பதற்குக் கூட அவர் பிறரைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த மொட்டை மாடிப் பயிற்சி பயன் தந்ததற்கும், கேட்டில் பெயர் எழுதிய பயிற்சி துன்பம் தந்ததற்கும் உள்ள வேறுபாடு தோள் அசைவில் இல்லை. முன்னதை அவர்களே முடிவு செய்தார்கள். பின்னது அவர்கள் மீது விழுந்த இன்னொரு கட்டளை.

இதைச் சொல்லிவிட்டு ஒன்றரை ஷிப்டைப் பற்றிப் பேசாமல் இருந்தால் நான் என் கடமையில் தவறியவனாவேன். எட்டரை முதல் எட்டரை வரை, இடைவேளைகளைக் கழித்தாலும், ஆறு நாளில் 60 மணி நேரத்தைத் தாண்டுகிறது. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைக் காட்டிலும், பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், மாரடைப்பு நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூட்டாக வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டி, அதற்கு மேல் உழைத்தால் இரட்டிப்புக் கூலி என்று எழுதி வைத்தது. பத்து நிமிடப் பயிற்சியால் மாலை ஐந்தரைக்குப் பிறகான அந்த மூன்று மணி நேரக் கூடுதல் உழைப்பை ஈடுகட்டிவிட முடியாது. பயிற்சியைத் தொடங்குங்கள், கட்டாயம் தொடங்குங்கள். ஆனால் அதைக் காட்டி நேரத்தைப் பற்றிய பேச்சை யாரும் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்.

தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம், கழுத்து வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லச் சொல்லிப் பெயர் இல்லாத சீட்டில் எழுதி வாங்குங்கள். மாத்திரைப் பதிவேட்டையும் விடுப்பு எண்ணிக்கையையும் அதனோடு வைத்து, மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பாருங்கள். அழுத அந்தப் பெண்ணிடம் யாராவது தனியாக அமர்ந்து பேசினார்களா? 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அவருக்குத் தெரியப்படுத்துங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இந்த மனநல உதவி எண்ணில் கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

உற்பத்திப் பிரிவு மேற்பார்வையாளர், ஒரகடம்

எங்கள் அனுபவம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையைச் சேர்ந்தது என்றாலும் ஒரு பகுதி உங்களுக்குப் பயன்படலாம். எங்கள் நிர்வாகம் ஜப்பானியருடையது. அங்கே ரேடியோ தாய்சோ என்ற பயிற்சி இருக்கிறது. 1928இல் அந்நாட்டு அஞ்சல் துறையின் ஆயுள் காப்பீட்டுப் பிரிவு முன்னின்று வானொலியில் தொடங்கியது; போருக்குப் பிறகு நின்றுபோய், இப்போதுள்ள வடிவில் 1951இல் மீண்டும் வந்தது. பியானோ இசைக்கு ஏற்ப 13 அசைவுகள், மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். அங்கே தொழிற்சாலைகளிலும் கட்டுமான இடங்களிலும் வேலை தொடங்குமுன் இதைச் செய்வது வழக்கம். அதே இசையை எங்கள் தொழிற்சாலையிலும் ஒலிபரப்புகிறார்கள்.

ஷிப்ட் மணி அடித்த பிறகுதான் இசை ஒலிக்கும். எனவே அது சம்பள நேரம். என்னை மாற்றியது வேறு ஒன்று. தொழிற்சாலைத் தலைவரும் அதே வரிசையில், பெரும்பாலும் கடைசி வரிசையில், நின்று கையை வீசுகிறார். தொடக்கத்தில் நான் சுற்றி நடந்து யார் சரியாகச் செய்யவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீயும் வரிசையில் நில் என்று அவர் சைகையால் சொன்ன நாள் முதல் நானும் நிற்கிறேன். என் லைன் ஆட்களுக்குப் பக்கத்தில் நின்று குனிந்து நிமிர்ந்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் அவர்களிடமே குரலை உயர்த்த எனக்கு மனம் வருவதில்லை. உங்கள் சூப்பர்வைசர்களை மேற்பார்வைக்கு நிறுத்தாமல் வரிசையில் நிறுத்துங்கள்.

குறை ஒன்றும் உண்டு. ஒரே பயிற்சியை ஆண்டுக்கணக்கில் செய்வதால் பலர் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சில அசைவுகளை மாற்றுவது நல்லது.

தையல் தளப் பொறுப்பாளர், திருப்பூர்

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் என் நன்றி. எல்லாப் பதில்களையும் அச்செடுத்து முதலாளியிடம் கொடுத்தேன். அவர் இரண்டு நாள் வைத்திருந்து படித்தார். காலை ஷிப்டுக்கு முன்பாகப் பயிற்சி வைப்பது என்பதே எங்கள் முதல் எண்ணமாக இருந்தது. சகோதரி எழுதியதைப் படித்ததும் அதைக் கைவிட்டுவிட்டோம்.

இப்போது முற்பகல் பத்தரைக்கும் பிற்பகல் மூன்றரைக்கும் ஐந்து ஐந்து நிமிடம் என்று முடிவு செய்திருக்கிறோம். டீ இடைவேளையில் கை வைக்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்கு உரிய எண்ணிக்கை டார்கெட் சீட்டிலேயே குறைக்கப்பட்டுவிட்டது. பீஸ் ரேட் டெய்லர்களுக்கு அந்த நேரத்தின் கூலி சனிக்கிழமைக் கணக்கில் சேரும். வருகைப் பதிவும் கிடையாது, படமும் எடுக்க மாட்டோம். விருப்பம் இல்லாதவர் உட்கார்ந்திருக்கலாம். எங்கள் தளத்திலும் கழிவறை டோக்கன் இருந்தது. இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. திங்கட்கிழமை அதை எடுத்துவிட்டோம். ஒன்றரை ஷிப்டைப் பற்றி முதலாளி இன்னும் இணங்கவில்லை. ஷிப்மென்ட் தேதியை வாங்கும்போதே கூடுதலாக ஒரு வாரம் கேட்டுப் பேசலாம் என்ற அளவுக்கு வந்திருக்கிறார். நான் தொடர்ந்து கேட்பேன்.

நேற்றோடு நான்கு நாள் ஆகிறது. முதல் நாள் மெயின் சுவிட்சை அணைத்ததும் தளம் முழுவதும் எழுந்த அமைதியில் எல்லோரும் திகைத்து நின்றுவிட்டார்கள். மின்தடை என்று எண்ணிச் சிலர் ஜன்னலைப் பார்த்தார்கள். எண்ணிச் சொல்ல யாரும் முன்வரவில்லை. மூன்றாம் நாள், அன்று அழுத அதே டெய்லர் எழுந்து எண்ணினார்; குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை என்றாலும் எல்லோரும் அவருடைய வாயசைவைப் பார்த்துச் செய்தார்கள்.

இயன்முறை மருத்துவரிடம் இரண்டு ஐயங்கள். தளத்தில் பஞ்சுத் தூசி மிகுதி. மூச்சுப் பயிற்சியையும் சேர்க்கலாமா? அயர்னிங் பிரிவினர் பன்னிரண்டு பேருக்கு என்ன சொல்வது?

இயன்முறை மருத்துவர், கோயம்புத்தூர்

மிஷின் நின்ற உடனே ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொல்லாதீர்கள். மிதந்துகொண்டிருக்கும் பஞ்சு நேராக நுரையீரலுக்குப் போகும். மூச்சுப் பயிற்சியை மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போக நேரம் இல்லையென்றால் அதை விட்டுவிட்டு, தோளுக்கும் மணிக்கட்டுக்கும் முழு ஐந்து நிமிடத்தையும் கொடுங்கள்.

அயர்னிங் பிரிவினர் மற்றவர்களோடு சேர்ந்து நிற்க வேண்டாம். முதல் ஒரு நிமிடம் குதிகாலை உயர்த்தித் தாழ்த்தட்டும். மீதி நான்கு நிமிடமும் பெஞ்சில் உட்கார்ந்து, கால்களை எதிரே இன்னொரு பெஞ்சின் மேல் நீட்டி, கணுக்காலை மட்டும் முன்னும் பின்னும் அசைக்கட்டும். அவர்களுக்கு அதுதான் பயிற்சி. கூடவே, ஒவ்வொரு மேசைக்கும் அடியில் அரை அடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் ஒரு மரக்கட்டையைப் போடச் சொல்லுங்கள். ஒரு காலை அதன்மேல் வைத்து, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டால் இடுப்பின் மீதுள்ள சுமை குறையும். பேக்கிங் பிரிவில் வீணாகக் கிடக்கும் பெட்டிப் பலகையிலேயே உங்கள் தச்சர் அதைச் செய்துவிடலாம்.